மூன்றாவது இருக்கை: விண்வெளி நிலையத்துக்குச் சென்ற மலேசியர், ஒரு நிகழ்வு ஆய்வு

2007 அக்டோபர் 10, புதன்கிழமை, மலேசிய நேரம் இரவு 9:22. கஜகஸ்தானில் உள்ள பைக்கானூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டிஎம்ஏ-11 விண்கலம் புறப்பட்டது. நடு இருக்கையில் கலத்தின் தலைவர், ரஷ்யாவின் யூரி மாலென்சென்கோ. இடப்பக்கம் அமெரிக்காவின் பெக்கி விட்சன். விண்வெளி நிலையத்துக்குத் தலைமை ஏற்கும் முதல் பெண்ணாகப் போகிறவர். வலப்பக்கம் கோலாலம்பூரில் பிறந்த எலும்பியல் மருத்துவர் ஷேக் முஸாபர் ஷுகோர். விண்வெளிக்குச் சென்ற முதல் மலேசியர் அவர்தான். இன்றுவரை ஒரே மலேசியரும் அவர்தான்.

இதைப் பற்றி நம் நாட்டில் இதுவரை பேசப்பட்டதெல்லாம் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று பெருமை: நம்மவர் போனார், கொடி பறந்தது. மற்றது குறை: காசைக் கொட்டி ஒருவரைச் சுற்றுலா அனுப்பினார்கள். இரண்டு பேச்சும் ஆளையே சுற்றி வருகின்றன. நான் ஆளை விட்டுவிட்டு அவர் அமர்ந்த இருக்கையைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த வலப்பக்க இருக்கை 2007-இல் ஏன் காலியாக இருந்தது, பிறகு ஏன் இல்லாமல் போனது என்று பார்த்தால், ராக்கெட் எப்படி ஏவப்படுகிறது என்பதும் மலேசியாவுக்கு ஏன் இரண்டாவது ஆள் வாய்க்கவில்லை என்பதும் ஒரே கணக்கில் வந்து நிற்கின்றன.

கொசுறு

தொடக்கம் எல்லாரும் அறிந்ததுதான். 2003-இல் மலேசியா ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் சு-30எம்கேஎம் போர் விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. மதிப்பு சுமார் 90 கோடி அமெரிக்க டாலர். இவ்வளவு பெரிய கொள்முதலுக்கு விற்பவர் ஏதாவது கைம்மாறு செய்வது வழக்கம். ஒரு மலேசியருக்குப் பயிற்சி கொடுத்து விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி வைப்பதாக ரஷ்யா ஒப்புக்கொண்டது. சந்தையில் காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைப்பதுபோல் கிடைத்த பயணம் என்று பலரும் கதையை இங்கேயே முடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கொசுறாகக் கொடுக்க வேண்டுமானால் கையில் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றே பேர் அமரக்கூடிய கலத்தில் ரஷ்யாவிடம் ஓர் இடம் மிஞ்சியது எப்படி?

விடை சோயுஸின் இரட்டை வேலையில் இருக்கிறது. ஆட்களை ஏற்றிச் செல்லும் அதே கலம், நிலையத்தோடு இணைந்தபின் அவர்களுக்கு உயிர்காப்புப் படகாகவும் இருக்கிறது. தீயோ காற்றுக் கசிவோ ஏற்பட்டால் ஓடிவந்து அமர்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்தப் படகுக்குக் காலாவதி நாள் உண்டு. தரையிறங்கும் பகுதியைத் திருப்பும் சிறு உந்திகள் ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்குகின்றன. அந்தத் திரவம் சும்மா வைத்திருந்தாலும் மெல்ல மெல்லச் சிதைந்து வலுவிழக்கும். ஆகவே அந்நாளைய சோயுஸ் ஏறத்தாழ 200 நாளுக்கு மேல் மேலே இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் படகு போய்ச் சேர, பழைய படகு இறங்கியாக வேண்டும். ஆள் மாற வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் படகு மாறியே தீர வேண்டும்.

இதோடு இன்னொரு கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதறிய பிறகு நிலையத்தில் இரண்டு பேரே தங்கியிருந்தார்கள். 2006 ஜூலையில் அது மீண்டும் மூன்றானது. அந்த மூவரில் இருவர் சோயுஸில் வந்து போனார்கள். மூன்றாமவர் அமெரிக்க விண்ணோடத்தில் வந்து போனார். 2007 அக்டோபரில் மேலே இருந்தவர்கள் ஃபியோதர் யூர்சிக்கின், ஒலெக் கோதொவ், கிளேட்டன் ஆண்டர்சன். முதல் இருவரின் இடத்துக்குத்தான் மாலென்சென்கோவும் விட்சனும் போனார்கள். விண்ணோடத்தில் வந்த ஆண்டர்சன் விண்ணோடத்திலேயே திரும்புவார். ஆக, ஏறும் சோயுஸிலும் ஓர் இடம் காலி, இறங்கும் சோயுஸிலும் ஓர் இடம் காலி. இரண்டுக்கும் நடுவில் பத்து நாள்.

ரஷ்யா விற்றது அந்தப் பத்து நாளைத்தான். 2001-இல் அமெரிக்கச் செல்வந்தர் டென்னிஸ் டிட்டோ அப்படித்தான் போனார். 2006 மார்ச்சில் பிரேசிலின் மார்கோஸ் பொன்டெஸ், அதே ஆண்டு செப்டம்பரில் அனுஷே அன்சாரி, 2007 ஏப்ரலில் சார்லஸ் சிமோனி, அக்டோபரில் நம்மவர், 2008 ஏப்ரலில் தென் கொரியாவின் யி சோ-இயோன் என்று வரிசை நீண்டது. கோடீசுவரர், நாட்டின் பிரதிநிதி என்ற பேதமெல்லாம் அந்த இருக்கைக்குத் தெரியாது.

பதினோராயிரத்திலிருந்து இரண்டு

விண்ணப்பித்தவர்கள் 11,000 பேருக்கு மேல். உடற்பரிசோதனை, உளவியல் சோதனை என்று சலித்துச் சலித்துக் கடைசியில் நான்கு பேர் நின்றார்கள்: ஷேக் முஸாபர், ராணுவப் பல் மருத்துவர் ஃபாயிஸ் காலிட், விமானி முகமது ஃபாயிஸ் கமாலுடின், பொறியியலாளர் சிவா வனஜா. நால்வரில் ஒரே பெண் வனஜாதான். தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெயர் எழுப்பிய ஆவலை அந்த நாட்களில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து பேசியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "நம்ம பிள்ளை போகுமா அண்ணே?" என்று கல்லாவில் இருந்தவரிடம் கேட்பவர்களும் இருந்தார்கள், அவர் ஏதோ தேர்வுக் குழுவில் இருப்பதுபோல.

2006 செப்டம்பரில் பிரதமர் அப்துல்லா அகமது படாவி இரண்டு பெயர்களை அறிவித்தார்: ஷேக் முஸாபர், ஃபாயிஸ் காலிட். ஒருவர் பறப்பவர், மற்றவர் மாற்று ஆள். இருவரும் மாஸ்கோ அருகில் உள்ள விண்வெளி வீரர் பயிற்சி நகரத்துக்குப் போய் ஒரே பயிற்சியைப் பெற்றார்கள். மாற்று ஆள் என்பவர் ஒப்புக்கு நிற்பவர் அல்லர். கடைசி நேரத்தில் ஒருவருக்குச் சளி பிடித்தாலும் மற்றவர் ஏற வேண்டும். உடையும் இருக்கையும் உட்பட எல்லாம் அவருக்கும் தயாராக இருக்கும்.

அந்த இருக்கையை எப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். சோயுஸ் தரையில் மெத்தென்று இறங்குவதில்லை, மோதி நிற்கிறது. பாராசூட்டும் கடைசி நொடியில் வெடிக்கும் சிறு ராக்கெட்டுகளும் வேகத்தைக் குறைத்தாலும் முதுகெலும்புக்கு அடி உண்டு. அதனால் ஒவ்வொருவரின் முதுகுக்கும் அச்செடுக்கிறார்கள். மெல்லிய உள்ளாடையோடு ஒரு தொட்டியில் கால்களை மடக்கிப் படுக்க வேண்டும். சுற்றிலும் குழைத்த சுண்ணச்சாந்தை ஊற்றுவார்கள். அது இறுகும்வரை அசையக் கூடாது. பிறகு தூக்கி எடுத்து, பதிந்த வடிவத்தைச் செதுக்கிச் சீர் செய்து, அதை வைத்து இருக்கையின் உள்ளுறையை வார்க்கிறார்கள். தலைப்பக்கம் கொஞ்சம் இடம் விடுவதும் உண்டு. எடையின்மையில் முதுகெலும்பு நீண்டு ஆள் சில சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவார். பத்து நாள் விருந்தினர் புதுக் கலத்தில் ஏறிப் பழைய கலத்தில் இறங்குகிறார் அல்லவா? நிலையம் போய்ச் சேர்ந்ததும் இந்த உள்ளுறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பழைய கலத்தில் பொருத்த வேண்டும். அது மாறாத வரை அவருக்கு அந்தப் படகில் இடம் இல்லை.

ஒன்பது நிமிடம்

கலத்தைத் தூக்கிச் சென்ற சோயுஸ்-எஃப்ஜி ராக்கெட் சுமார் 50 மீட்டர் உயரம், 300 டன்னுக்கு மேல் எடை. அதில் சுற்றுப்பாதையை எட்டும் கலம் 7 டன் சொச்சம். மீதியில் பெரும்பகுதி மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும்தான்.

ஏவும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு விடியற்காலையில் ராக்கெட்டைப் படுக்கை வசமாக ரயிலில் ஏற்றி, ஆள் நடக்கும் வேகத்தில் ஏவுதளத்துக்குக் கொண்டு வருகிறார்கள். பறக்கப் போகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஆகாது என்பது அங்கே ஐதீகம். பொறியியலின் உச்சத்தில் இருப்பவர்களுக்கும் சகுனம் உண்டு என்று தெரியும்போது, புது வண்டிச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. டிஎம்ஏ-11 புறப்பட்ட மேடை 1961-இல் யூரி ககாரின் புறப்பட்ட அதே மேடை.

ஏவும் நேரத்தை யாரும் வசதிக்கு ஏற்ப வைத்துக்கொள்ள முடியாது. நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளம் பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்திருக்கிறது. பூமி சுழலும்போது பைக்கானூர் அந்தத் தளத்துக்கு அடியில் வரும் கணத்தில்தான் ஏவ வேண்டும். பைக்கானூரின் அட்சரேகை 46 பாகை. நேர் கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சி வேகம் முழுவதும் கைகொடுத்திருக்கும். ஆனால் கழன்று விழும் பாகங்கள் சீனாவில் போய் விழும். அதனால் வடக்கே சற்றுத் திருப்பி ஏவுகிறார்கள். 51.6 என்ற எண் வந்தது இப்படித்தான். அன்று அந்தக் கணம் அங்கே அந்தி நேரம். இங்கே ரமலான் மாதத்தின் கடைசி இரவுகளில் ஒன்று. பள்ளிவாசல்களில் தராவீஹ் தொழுகை நடந்துகொண்டிருந்த வேளை.

எரிபொருள் நிரப்பிய பிறகு, புறப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்பே மூவரும் உள்ளே போய்விடுகிறார்கள். முழங்கால் மார்பை நோக்கி மடங்கிய நிலையில் மல்லாந்து காத்திருக்க வேண்டும்.

பற்றவைக்கும் முறை பலரையும் வியக்க வைக்கும். ராக்கெட்டின் அடியில் 32 நெருப்புக் குழல்கள்: உந்துபவை 20, திசை திருப்பும் சிறியவை 12. ஏவும் முன் குழல்களுக்குள் பிர்ச் மரச் சட்டங்களைச் செருகி வைக்கிறார்கள். சட்டத்தின் தலையில் வெடிமருந்துத் திரி. மின்சாரம் பாய்ந்ததும் திரி எரிகிறது, பக்கத்தில் ஓடும் மெல்லிய கம்பியும் எரிந்து அறுகிறது. கம்பி அறுந்தால்தான் உள்ளே நெருப்பு இருப்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். அதன் பிறகே எரிபொருள் வால்வு திறக்கும். நெருப்பு இல்லாத குழலுக்குள் மண்ணெண்ணெய் பாய்ந்தால் மேடையே போய்விடும். அதைத் தடுத்து நிற்பது ஒரு மரக் குச்சியும் ஒரு கம்பியும். 1950-களிலிருந்து மாற்றாமல் வைத்திருக்கிறார்கள், வேலை செய்வதால்.

பிறகு எல்லாம் நொடிக் கணக்கு. 114-ஆவது நொடி வாக்கில் உச்சியில் இருக்கும், ஆபத்தில் கலத்தை இழுத்துச் செல்லும் தப்பிப்புக் கோபுரம் கழன்று போகிறது. 118-இல் பக்கவாட்டில் உள்ள நான்கு பூஸ்டர்களும் ஒரே நேரத்தில் விலகி விழுகின்றன. இரண்டரை நிமிடம் கடந்ததும் கலத்தைப் போர்த்திய கூடு உடைந்து பிரிய, உள்ளே இருப்பவர்களுக்குச் சன்னலில் முதன்முதலாக வெளிச்சம் தெரிகிறது. ஐந்தாவது நிமிடத்துக்குள் நடுப்பகுதியும் தீர்ந்து மூன்றாம் கட்டம் பிடித்துக்கொள்கிறது. சுமார் 8 நிமிடம் 48 நொடியில் எஞ்சின் நிற்கிறது. கலத்துக்குள் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மிதக்கத் தொடங்கினால் சுற்றுப்பாதை வந்துவிட்டது என்று பொருள்.

அன்று எல்லாம் சரியாக நடந்தன. ஆனால் எதை நம்பி ஓர் அரசு தன் குடிமகனை அதில் ஏற்றியது என்று அறிய, சரியாக நடக்காத இரண்டு நாட்களைப் பார்க்க வேண்டும்.

1983 செப்டம்பர் 26, இதே மேடை. விளாதிமிர் திதோவ், கென்னாதி ஸ்ட்ரெகலோவ் இருவரும் உள்ளே. புறப்பட ஒன்றரை நிமிடம் இருக்கும்போது ஒரு வால்வு பழுதாகி எரிபொருள் கொட்டித் தீப்பிடித்தது. தீ கம்பிகளைத் தின்றுவிட்டதால் உள்ளே இருந்தவர்களால் எதையும் இயக்க முடியவில்லை. தரையிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக வானொலிக் கட்டளை கொடுத்துத் தப்பிப்புக் கோபுரத்தை இயக்கினார்கள். கலம் பிய்த்துக்கொண்டு மேலே போன சில நொடிகளில் ராக்கெட் வெடித்தது. இருவரும் உயிரோடு சில கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கினார்கள்.

2018 அக்டோபர் 11, மறுபடியும் இதே மேடை, நம்மவரை ஏற்றிச் சென்ற அதே சோயுஸ்-எஃப்ஜி வகை. அலெக்சி ஒவ்சினினும் நிக் ஹேகும் உள்ளே. நான்கு பூஸ்டர்களில் ஒன்று சரியாக விலகாமல் நடுப்பகுதியில் இடித்தது. பிரிவை உணரும் ஒரு சிறு முள் பொருத்தும்போதே வளைந்துவிட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதற்குள் தப்பிப்புக் கோபுரம் கழன்று போயிருந்தது. கூட்டில் பதித்திருந்த மாற்று உந்திகள் கலத்தை இழுத்துச் சென்றன. இருவரும் பத்திரமாக இறங்கினார்கள். சில மாதங்களில் அதே இருவர் மறுபடி ஏறி நிலையத்துக்கும் போனார்கள்.

ரஷ்ய ராக்கெட்டில் பழுது வராது என்று யாரும் சொல்ல முடியாது. பழுது வந்தாலும் ஆள் பிழைக்க ஒன்றுக்குப் பின் ஒன்றாக வழி வைத்திருக்கிறார்கள் என்பதே சரி. கொசுறாகக் கிடைத்த இருக்கைக்கும் இந்த ஏற்பாடு முழுவதும் சேர்ந்தே வந்தது.

பினாங்குக்கு ஐந்து மணி நேரம், அங்கே இரண்டு நாளா?

வார இறுதிகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பயணத்தைப் பாடமாக வைக்கும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடும் கேள்வி இது: "ஐயா, நிலையம் 340 கிலோமீட்டர் உயரத்தில்தானே இருந்தது? கோலாலம்பூரிலிருந்து பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்துக்கு பஸ்ஸில் போனால் அவ்வளவு தூரம்தான். ஐந்து மணி நேரத்தில் போய்விடலாமே. ராக்கெட்டுக்கு ஏன் இரண்டு நாள்?"

நல்ல கேள்வி. தூரம் சரிதான், ஒன்பது நிமிடத்தில் உயரத்தில் பாதிக்கு மேல் ஏறியும் ஆகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், போய்ச் சேர வேண்டிய இடம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கலம் முதலில் 200 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டிய தாழ்ந்த பாதையில் விடப்படுகிறது. தாழ்ந்த பாதையில் சுற்று சிறியது, வேகமும் அதிகம். அதனால் பின்னால் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிவிடலாம். கலம் புறப்படும் கணத்தில் நிலையம் பூமியின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் பிடித்துவிட வேண்டும் என்றால் அவகாசம் தேவை. 34 சுற்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் சமாளிக்கலாம். ரஷ்யாவின் தரை நிலையங்களுக்கு மேல் வரும்போது பாதையை அளந்து திருத்தவும் நேரம் கிடைக்கும்.

விலை, உள்ளே இருப்பவர்கள் படும் பாடு. மூன்று பேர், ஒரு சிறிய அறைக்கும் குறைவான இடம். சூரிய மின் தகடுகள் சூரியனைப் பார்த்தபடி இருக்கக் கலத்தை மெல்லச் சுழல விடுகிறார்கள். எடையின்மைக்குப் பழகாத வயிற்றுக்கு அது போதும். இப்போது நிலையத்தின் பாதையை முன்கூட்டியே சரிசெய்து வைத்து, ஏவுதலையும் துல்லியமாக்கிவிட்டதால் 2013 முதல் ஆறு மணி நேரத்திலும், 2020 முதல் மூன்று மணி நேரத்திலும்கூடப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பெண் பிள்ளை, "அப்படியென்றால் பினாங்கைவிடப் பக்கம்" என்றாள். பண்டிகைக்கு முந்தின நாள் நெடுஞ்சாலையில் போயிருக்கிறவர்கள் மறுக்க மாட்டார்கள்.

டிஎம்ஏ-11 அக்டோபர் 12 இரவு 10:50-க்கு நிலையத்தோடு இணைந்தது. மறுநாள் மலேசியாவில் நோன்புப் பெருநாள்.

மேலே

தங்கிய நாட்களை விரைவாகக் கடந்துவிடலாம். கல்லீரல் புற்றுநோய் அணுக்கள், ரத்தப் புற்றுநோய் அணுக்கள், நுண்ணுயிர்கள் எடையின்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்ற சோதனைகளும் புரதத்தைப் படிகமாக்கும் சோதனையும் அவர் கையில் இருந்தன. பெருநாளுக்கு மலேசிய உணவைப் பகிர்ந்துகொண்டார்.

உலகம் திரும்பிப் பார்த்தது வேறொன்றை. ஒரு நாளைக்குப் பதினாறு முறை சூரியன் உதிக்கும் இடத்தில் ஐவேளைத் தொழுகை எப்படி? தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம்? 2006-இலேயே தேசிய விண்வெளி நிறுவனம் அறிவியலாளர்களையும் மார்க்க அறிஞர்களையுமாக 150 பேரைக் கூட்டி விவாதித்தது. பிறகு வழிகாட்டி நூல் ஒன்று வெளியானது. தொழுகை நேரம் ஏவப்பட்ட இடத்தின் நேரப்படி. திசைக்குப் படிப்படியாக நான்கு வழி: முடிந்தால் மக்காவில் உள்ள கஅபா, இல்லாவிட்டால் கஅபாவுக்கு நேர் மேலான திசை, அதுவும் முடியாவிட்டால் பூமி, அதுவும் ஆகாவிட்டால் எந்தப் பக்கமானாலும். நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம். பொறியாளர்கள் பழுதுக்கு மாற்று வழிகளை அடுக்குவதைப்போலவே மார்க்க அறிஞர்களும் அடுக்கியிருந்தார்கள். இந்தத் திட்டத்தில் முழுக்க முழுக்க மலேசியாவிலேயே சிந்தித்து உருவாக்கிய பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்துப் போகும் எந்த நாட்டு முஸ்லிமுக்கும் அது கைகொடுக்கும்.

இறக்கம்

அக்டோபர் 21. ஷேக் முஸாபரின் இருக்கை உள்ளுறை இப்போது டிஎம்ஏ-10-இல், ஏப்ரல் 7-ஆம் தேதி ஏவப்பட்டு ஏறத்தாழ 197 நாள் மேலே இருந்த பழைய படகில். உடன் இருந்தவர்கள் யூர்சிக்கினும் கோதொவும்.

சோயுஸின் தரையிறங்கும் பகுதி மணி வடிவம் கொண்டது. அதன் எடை மையம் வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் காற்றில் சற்றுச் சாய்ந்து பாய்ந்து, கொஞ்சம் மிதப்பு விசையும் பெறுகிறது. கலத்தை இப்படியும் அப்படியும் உருட்டி அந்த மிதப்பை வேண்டிய பக்கம் திருப்பி, குறித்த இடத்தில் இறக்குகிறார்கள். உடலில் சுமார் 4 மடங்கு எடை அழுத்தும். கட்டுப்பாடு கெட்டுப்போனால் கணினி வேறு முறைக்கு மாறும்: கலத்தைத் தன்னைத்தானே சுழலவிட்டு மிதப்பை ரத்து செய்து, எறிந்த கல்லைப் போல விழ விடுவது. செங்குத்தான பாதை, 8 மடங்குக்கு மேல் அழுத்தம், இலக்கை எட்டாமல் முன்பே விழுந்துவிடும்.

அன்று நடந்தது அதுதான். கட்டுப்பாட்டுப் பலகையை இறங்குமுறைக் கருவிகளோடு இணைக்கும் ஒரு கேபிள் பழுதாகியிருந்தது என்று பிறகு தெரிந்தது. குறித்த இடத்துக்கு 340 கிலோமீட்டர் முன்னதாகவே, மலேசிய நேரம் மாலை 6:36-க்குக் கலம் கஜகஸ்தான் வெளியில் இறங்கியது. மூவரும் நலம். மொத்தப் பயணம் 10 நாள் 21 மணி 14 நிமிடம். "சுற்றுலாப் பயணி" என்று அவரைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. 8 மடங்கு எடை நெஞ்சில் ஏறிய அந்த நிமிடங்களைச் சுற்றுலாக் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

அதிலும் வேடிக்கை, ஏற்றிச் சென்ற கலமும் தப்பவில்லை. 2008 ஏப்ரல் 19-இல் விட்சன், மாலென்சென்கோ, யி சோ-இயோன் மூவரோடு திரும்பிய டிஎம்ஏ-11-இல் ஒரு பகுதி சரியாகப் பிரியாமல், அதுவும் அதே முறையில் 400 கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாக விழுந்தது.

இருக்கை எங்கே போனது

2009 மே மாதம் நிலையத்தில் தங்குபவர்கள் மூன்றிலிருந்து ஆறானார்கள். ஆறு பேருக்கு இரண்டு உயிர்காப்புப் படகு வேண்டும்; அவற்றின் ஆறு இருக்கைகளும் அவர்களுக்கே. 2009 செப்டம்பரில் சென்ற கனடாவின் கி லலிபெர்டேயோடு அந்த விருந்தினர் வரிசை அறுந்தது. 2011 ஜூலையில் விண்ணோடங்களும் ஓய்வு பெற்றன. அதன்பின் நிலையத்துக்குப் போக உலகில் சோயுஸ் ஒன்றே வழி. அமெரிக்காவே ரஷ்யாவிடம் இடம் வாங்கியது. விலை ஏறி ஏறிக் கடைசியில் ஓர் இருக்கை 8 கோடி டாலரைத் தாண்டியது. கொசுறுக்கு அங்கே ஏது இடம்?

இரண்டாவது மலேசியரை அனுப்பும் பேச்சு எழுந்து அடங்கியதற்கு அரசியல், பணம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் பணமும் மனமும் இருந்திருந்தாலும் 2010-க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு இருக்கை இருந்திருக்காது. வனஜாவின் பெயரை இன்றும் ஆதங்கத்தோடு சொல்பவர்களுக்கும் என்னால் சொல்ல முடிந்தது இதுதான். முழுப் பயிற்சி பெற்ற ஃபாயிஸ் காலிடுக்கே அடுத்த கலம் வரவில்லை.

இதற்கிடையில் நாடு வேறு பக்கம் நகர்ந்தது. 2009 ஜூலையில் ரசாக்சாட் செயற்கைக்கோள் பால்கன்-1 ராக்கெட்டில் பசிபிக் தீவொன்றிலிருந்து ஏவப்பட்டது. இன்று உலகச் சந்தையை ஆளும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோன முதல் வணிகச் சரக்கு அதுதான். 2019-இல் தேசிய விண்வெளி நிறுவனமும் தொலையுணர்வு நிறுவனமும் இணைந்து மலேசிய விண்வெளி நிறுவனம் உருவானது. கோலாலம்பூர் ஏரிப் பூங்கா அருகே 1994-இல் திறந்த நீலக் குவிமாடத் தேசியக் கோளரங்கத்துக்கு என் மாணவர்களை அழைத்துப் போகும்போது, இந்தக் கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைப்பதில்லை.

2019 செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹஸ்ஸா அல் மன்சூரி எட்டு நாள் போய் வந்தார், சோயுஸ்-எஃப்ஜியின் கடைசிப் பயணத்தில். காலி இருக்கை இல்லாத காலத்தில் அவருக்கு இடம் வந்தது எப்படி என்று பாருங்கள்: அவர் இறங்கிய கலத்தில் மேலே போயிருந்தவர் அமெரிக்காவின் கிறிஸ்டினா கோச். கோச் அதில் இறங்காமல் தங்கிவிட்டார்; மொத்தம் 328 நாள் மேலே இருந்த பிறகே பூமிக்கு வந்தார். ஒருவர் எட்டு நாள் போய்வர, இன்னொருவர் கூடுதலாக மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது.

இப்போது நான்கு பேர் அமரும் டிராகன் கலங்கள் வந்துவிட்டன. இடத்தை விற்கும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. 2025 ஜூனில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா, போலந்து, ஹங்கேரி நாட்டவரோடு நிலையத்துக்குப் போனது அப்படித்தான். கலத்தின் தலைவர் அதே பெக்கி விட்சன். அந்தப் பயணங்களில் ஏறும் கலமே இறக்கியும் விடுகிறது. யாருடைய இடத்தையும் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் பன்னாட்டு நிலையத்தையே 2030-ஐ ஒட்டிக் கடலில் இறக்கிவிடத் திட்டம் இருக்கிறது.

சீனாவின் தியான்குங் நிலையம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வீரரை அங்கே அனுப்ப ஒப்பந்தம் செய்தது. ஆனால் அங்கே தங்குபவர்கள் மூவர், ஷென்சோ கலத்தில் இருக்கை மூன்று, கலம் மாறுவது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மிச்சம் எதுவும் இல்லை. குறுகிய காலத்துக்கு ஒரு விருந்தினர் ஏறி இறங்க வேண்டுமானால், மேலே இருக்கும் மூவரில் ஒருவர் இறங்காமல் இன்னோர் ஆறு மாதம் தங்க வேண்டும். அந்த ஒருவர் யார், யாருக்காகத் தங்குவார் என்பதை முடிவு செய்வது பெய்ஜிங்.